நெருக்கி வைத்த தோட்டம்

என் அக்கா இருசம்மாளுக்கு ஒன்றும் பார்த்து வாங்கத் தெரியாது. கடைக்காரர் முதலில் எதை எடுத்துப் போடுகிறாரோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் செடி விற்கிற இடத்துக்குப் போனால் மட்டும் ஆளே மாறிவிடுவாள் என்பது அவளுடைய ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் அவளுக்கே தெரிந்திருக்காது. செடி வைக்க இடம் இருந்தால்தானே.

எங்களுக்கு வேப்பந்தட்டைப் பக்கம். பிறந்த வீட்டிலும் நிலம் இல்லை, அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் இல்லை. பத்து வயதில் களையெடுக்க இறங்கியவள். வெங்காயம் ஊன்ற, பருத்தி எடுக்க, மக்காச்சோளம் ஒடிக்க என்று ஊரில் அவள் கால் படாத கொல்லை கிடையாது; பயிர் வைக்கிற காட்டை நாங்கள் கொல்லை என்போம். அவள் வீட்டுக்காரர் கண்ணையன் மாமா இறந்த பிறகும் அந்த வேலையை வைத்துத்தான் மகன் அஜித்குமாரை ஆளாக்கினாள். குடியிருந்தது மாமனார் வீட்டில் பாதி. கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மூன்று வருஷத்துக்கு முன்புதான் அவள் பெயரில் இரண்டரை சென்டுக்குப் பட்டா கிடைத்து, அதில் அரசாங்க உதவியோடு ஒரு சின்ன வீடும் எழும்பியது. வீடு போக, முன்னால் கொஞ்சமும் பின்னால் கொஞ்சமும் மண் மிஞ்சியது.

போன வருஷம் மாசியில் ஒரு திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுவிட்டு வந்து பஸ்ஸுக்கு நிற்கிறோம். ரோட்டோரம் கறுப்புப் பைகளில் வரிசையாகச் செடிகள்.

"ஒரு கறிவேப்பிலக் கன்னு மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்டி வீராயி" என்று போனாள்.

மூன்று பஸ் போய்விட்டது. நான் கடுப்பில் போய்ப் பார்த்தால், சிவப்பு ரோசா, மஞ்சள் ரோசா, மாதுளை, கொய்யா, அடுக்குச் செம்பருத்தி என்று காலடியில் எடுத்து வைத்திருக்கிறாள்.

"கறிவேப்பில எங்கக்கா?"

"அய்யய்யோ, அத மறந்துட்டேன் பாரு."

மறுபடி உள்ளே ஓடினாள். வரும்போது கறிவேப்பிலையோடு ஒரு எலுமிச்சையும் வந்தது. பஸ்ஸில் கண்டக்டர், "ஏம்மா, கொல்லையவே பேத்துக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் கூச்சப்பட்டிருப்பாள். அன்றைக்குச் சிரித்தாள். மாதுளையை மடியில் வைத்துக்கொண்டு, பெரம்பலூர் வருகிறவரைக்கும் ஒவ்வோர் இலையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக அவள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒரு வேண்டுதல் என்றாள். அதற்கடுத்த திங்கட்கிழமை இன்னொரு வேண்டுதல். வேண்டுதல் ஆத்தாவுக்கா, செடிக்காரருக்கா என்று நான் கேட்டேன். நாலு வாரத்தில் பத்தொன்பது செடி சேர்ந்துவிட்டது.

வாங்கியதுகூடப் பரவாயில்லை. வைத்த விதம்தான் எனக்கு எரிச்சல். ஒட்டு மாங்கன்றுக்கு ஒரு முழம் தள்ளிக் கொய்யா, கொய்யாவை உரசிக்கொண்டு ரோசா, ரோசாவின் தோளில் மாதுளை. அவளுக்குத் தெரியாதா? வெங்காயத்துக்கு எத்தனை விரல், பருத்திக்கு எத்தனை அடி என்று கண்ணாலேயே அளந்து ஊன்றுகிறவள். அடுத்தவர் கொல்லையில் வரிசை கொஞ்சம் கோணினாலும் எங்களைத் திட்டித் தீர்ப்பாள். தன் மண்ணில் மட்டும் எல்லாவற்றையும் பண்டிகைக் கூட்டத்து பஸ் மாதிரி திணித்து வைத்தாள்.

"ஒரு வருஷத்துல பாரு, ஒன்னு மேல ஒன்னு ஏறப் போவுது" என்றேன்.

"ஏறட்டும்டி. அதுங்களே பாத்துக்கும்."

என் வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. நூறு நாள் வேலையில் நான் பணித்தளப் பொறுப்பாளர். ஐம்பது பெண்களை நீ இங்கே வெட்டு, நீ அங்கே அள்ளு என்று ஏவி ஏவி, கண்ணில் படுகிறதை எல்லாம் திருத்துகிற புத்தி வந்துவிட்டது.

பங்குனியில் ஒரு நாள் விடிகாலையிலேயே போன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன். "பூத்துருச்சுடி! சீக்கிரம் வா!" என்றாள். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு மஞ்சள் ரோசா. அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்துக்கொள் என்றால், "இருக்கட்டும், செடியிலயே இருக்கட்டும்" என்றாள். சித்திரை வெயிலில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். அரிசி களைந்த தண்ணீர், முகம் கழுவின தண்ணீர் எல்லாம் செடிக்குத்தான் போனது. பத்தொன்பதில் ஒன்றுகூடக் காயவில்லை. கொல்லை வேலையில் இடுப்பு ஒடிந்து வருகிறவள், வீட்டுக்கு வந்ததும் மறுபடி செடிகளுக்கு நடுவில் போய்க் குந்திக்கொள்வாள்.

இந்த வருஷம் தைக்குள் நான் சொன்னபடியே ஆகியிருந்தது. மாங்கன்று வெளிச்சம் தேடி ஒல்லியாக உயர்ந்திருந்தது. மாதுளை பூத்துப் பூத்துக் கொட்டியது. அந்த நேரத்தில் அஜித்குமாருக்குத் திருப்பூரில் குழந்தை பிறந்தது. அக்கா ஒரு மாதம் போய் இருக்க வேண்டியதாயிற்று. சாவியை என்னிடம் கொடுத்து, "தண்ணி மட்டும் ஊத்துடி" என்றாள்.

தண்ணீர் மட்டும் ஊற்றியிருக்கலாம்.

மக்காச்சோளமோ பருத்தியோ, குழிக்கு இரண்டு விதை போடுவோம். முளைத்துக் கொஞ்சம் வளர்ந்ததும் நல்லதை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுவோம். பயிர் கலைப்பது என்று சொல்வோம். எது தேறும், எது தேறாது என்று எங்கள் கைக்கே தெரியும். அந்தப் பழக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தோட்டத்தைக் கலைத்தேன். பதினொரு செடி போயிற்று. கையோடு வராததைக் கடப்பாரை போட்டு நெம்பினேன். கொய்யாவை என் ஆடுகள் தின்றன. மிச்சம் எட்டுக்கும் வட்டமாகப் பாத்தி கட்டி, எரு போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. போனில் ஒன்றும் சொல்லவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று இருந்தேன்.

வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் தோட்டத்துக்குப் போனாள். ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாதுள எங்கடி?"

"புடுங்கிட்டேன்க்கா. நோஞ்சான். அது காய்க்கவே போறதில்ல."

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றாள். பிறகு, யாரிடமோ பேசுவது மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"எத்தன வருசமா நல்லது எது, நோஞ்சான் எதுன்னு பாத்துப் பாத்துப் புடுங்கிப் போட்டிருக்கேன். பச்சையா வேரோட வரும். ஒரு மாதிரி இருக்கும். நம்ம கொல்லையா என்ன, சொன்னதச் செய்யணும். இங்கயாவது ஒன்னையும் புடுங்காம இருப்போம்னு இருந்தேன். காய்க்காட்டிப் போவுது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேக்கலியே" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அவள் பக்கத்து வரிசையில் குனிந்து வேலை செய்திருக்கிறேன். ஒவ்வொரு செடியைப் பிடுங்கும்போதும் அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது என்பது எனக்குத் தெரியாது. என் கைக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. அன்றைக்கு ராத்திரி எதை எதையோ சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. நான் செய்தது தப்பு.

மாசி பிறந்து முதல் திங்கட்கிழமை அவளை இழுத்துக்கொண்டு சிறுவாச்சூர் போனேன். செடி விற்கிற இடத்தில் அவள் நிழலில் நின்றுகொண்டாள். "பைய நான் வெச்சிருக்கேன், நீ போய்ப் பாரு" என்றாள். நானே மாதுளை எடுத்தேன், கொய்யா எடுத்தேன், பிடுங்கினதில் ஞாபகம் இருந்ததை எல்லாம் எடுத்தேன். வழி நெடுக ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்து வந்தாள். மாதுளைக் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வாசலில், தன் மண்ணில் நின்று என்னைப் பார்த்தாள்.

"எங்க வெக்கட்டும்?"

கூலிக்குப் போகிற இடத்தில் கொல்லைக்காரர்களிடம் அவள் பேசுகிற குரல் அது. "ஒன் எடம்க்கா. எங்க வேணும்னாலும் வையி. எவ்வளவு நெருக்கி வேணும்னாலும் வையி" என்றேன்.

"இல்ல, நீயே சொல்லிரு" என்றாள். "அப்பறம் புடுங்குற மாதிரி ஆயிரும்."