டயலாக்னா நாங்க இல்ல மிஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதம் என்று நினைக்கிறேன். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் எடுக்கிறேன். காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இன்னொரு பஸ் என்று தினமும் ஓடுகிறவள். கொஞ்சம் கறார்ப் பேர்வழி. ‘மிஸ் வர்றாங்க’ என்று ஒரு குரல் கேட்டால் போதும், வராண்டா அடங்கிவிடும். அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

அதைவிடப் பெரிய பெருமை என் வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியட். எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் எழுதித் தள்ளுவார்கள். ஆனால் யாராவது ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு காலால் தரையைத் தேய்ப்பார்கள். அதனால் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டு வந்து, இரண்டிரண்டு பேராக முன்னால் வரவழைத்து டயலாக் பேச வைக்க ஆரம்பித்தேன். ஒருத்தி கடைக்காரர், ஒருத்தி வாங்க வந்தவர். ஒருத்தி டாக்டர், ஒருத்தி நோயாளி. விதி இரண்டுதான். அந்த பீரியடில் தமிழ் பேசினால் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். இரண்டாவது விதி, பிள்ளைகளின் கூச்சம் போக நானே கண்டுபிடித்தது.

“முன்னால வந்து நின்னுட்டா நீங்க நீங்க இல்ல. அந்த டயலாக்ல இருக்குற ஆளுங்க. அதனால யாருக்கும் பயப்பட வேண்டாம், வெக்கப்பட வேண்டாம்.”

வருடா வருடம் முதல் நாள் இதைச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்த வருடம் வரிசை எண்படி ஜோடி பிரித்தபோது, கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் சுருட்டை முடிக்காரி ஒருத்தியும் ஜோடியானார்கள். வகுப்புத் தலைவி எழுந்து, “மிஸ், அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க” என்றாள். சின்னப் பிள்ளைகள் ‘காய்’ விட்டுக்கொள்வதுதானே என்று நினைத்து, “என் கிளாஸ்ல காயும் கிடையாது பழமும் கிடையாது, ரெண்டு பேரும் வாங்க” என்று அதட்டினேன். வந்தார்கள்.

வந்து நின்று பேசியதைக் கேட்டு நான் அசந்துபோனேன். மற்ற பிள்ளைகள் மனப்பாடம் ஒப்பிக்கிறபோது, இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மணி அடித்ததும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள், தண்ணீர்க் குழாயில்கூடப் பக்கத்தில் நிற்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வறையில் உட்கார்ந்து, என் முறையின் மகிமையைச் சக ஆசிரியைகளிடம் அளந்துகொண்டிருந்தேன்.

நாலைந்து வாரம் போனது. ‘டாக்டரிடம்’ என்ற பாடம். சுருட்டை முடிக்காரி டாக்டர், கண்ணாடிக்காரி நோயாளி. புத்தகத்தில் காய்ச்சல், இருமல் என்று எட்டு வரி இருக்கிறது. இவர்கள் இரண்டு வரி பேசிவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். “ஹவ் ஈஸ் யுவர் ஃபாதர்?” என்றாள் டாக்டர். சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா, கையைத் தூக்குகிறாரா என்று தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனாள். வலது கை மட்டும், இடது கை இல்லை என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரைக் கேட்டு அப்பாவை உள்ளே கொண்டு வந்தீர்கள், புத்தகத்தில் இருப்பதை மட்டும் பேசினால் போதும் என்று சத்தம் போட்டேன். இரண்டு கெட்டிக்காரிகள் சேர்ந்தால் இப்படித்தான் என்று அங்கேயே ஜோடியைப் பிரித்து, வேறு வேறு பிள்ளைகளோடு சேர்த்துவிட்டேன். ஒழுங்குபடுத்திவிட்ட திருப்தியோடு பஸ் ஏறினேன்.

அதன்பிறகு சுருட்டை முடிக்காரி வாயையே திறக்கவில்லை. புது ஜோடியோடு வந்து நிற்பாள், ‘குட் மார்னிங்’ சொல்வாள், அதற்கு மேல் பேச மாட்டாள். இரண்டு வாரம் அவளை நிற்க வைத்தேன். நின்றாள். மூன்றாவது வாரம், சொந்தமாக ஒரு டயலாக் எழுதி வரும்படி எல்லோருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்து நோட்டுகளை வாங்கி வந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றது. உட்கார இடம் கிடைத்திருந்ததால் திருத்த ஆரம்பித்தேன். அவள் நோட்டில் முழுசாக ஒன்றரைப் பக்கத்துக்கு ‘ஏ’ பேசுகிற வரிகள் மட்டும் இருந்தன. ‘பி’ என்று போட்டு, எதிரே எல்லாம் காலி. பாதியில் விட்டுவிட்டாள் என்று நினைத்துச் சிவப்பு மையில் ‘முடிக்கவில்லை’ என்று பட்டையாக எழுதினேன். எழுதிய பிறகுதான் வரிகளைப் படித்தேன்.

பெரியப்பா எப்படி இருக்கிறார்? இடது கை அசைகிறதா? வாய் கோணல் சரியாகிவிட்டதா? கடைக்கு யார் போகிறார்கள்? என்னைப் பற்றிக் கேட்கிறாரா? எல்லாம் ஆங்கிலத்தில், ‘பெரியப்பா’ மட்டும் தமிழில்.

அடுத்த நாலு நிறுத்தத்துக்கு நான் வேறு நோட்டைத் தொடவில்லை.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, வரும்போதே கண் கலங்கி வந்தாள். உட்கார வைத்து, என் டிபன் பாக்ஸைத் திறந்து பாதித் தயிர்சாதத்தைக் கொடுத்துக் கேட்டதில் மெல்ல மெல்லச் சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். பெரியப்பா, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். இவள் அப்பாவும் அதே கடையில்தான் வேலை பார்த்தார். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது எல்லாம் பெரியப்பாதான். போன கோடையில் வீட்டைப் பிரிப்பதில் பெரியவர்களுக்குள் மனஸ்தாபமாகி, இவள் குடும்பம் உறையூருக்கு வாடகை வீடு பார்த்துப் போய்விட்டது. போகும்போது இவள் அம்மா, ‘இனிமே அந்த வீட்டு ஆளுங்க யார்கிட்டயும் பேச மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு’ என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

“ஒரே ஒரு தடவ அவகிட்ட பேசிட்டேன் மிஸ். ஸ்கூல் தொறந்த அன்னிக்கு, தண்ணி புடிக்கிறப்ப. அந்த வாரம்தான் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. இன்னொரு தடவ பேசினா அடுத்து அம்மாதானே?”

  சத்தியமெல்லாம் பலிக்காது என்று சொல்லிப் பார்த்தேன். என் மகனும் பத்தாம் வகுப்பில் போனைத் தொட மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்து, இரண்டே நாளில் தொட்டுவிட்டான், எனக்குத் தலைவலிகூட வரவில்லை என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை.

“அப்போ கிளாஸ்ல மட்டும் எப்படிப் பேசின?” என்று கேட்டேன்.

“அது டயலாக் மிஸ். டயலாக்னா நாங்க இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அந்தப் பெரிய ஊரில், தன் அம்மா உயிருக்கு ஆபத்தில்லாமல் பெரியப்பாவைப் பற்றி விசாரிக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் என் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் இருந்த நாலடி இடம்தான். அதைத்தான் நான் பிடுங்கியிருக்கிறேன். எத்தனையோ முறை பிள்ளைகளை அழ வைத்திருக்கிறேன், அன்று அவள் போன பிறகு நான் அழுதேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள். சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பதில் அந்த நோட்டைக் கண்ணாடிக்காரியிடம் கொடுத்து, “இந்த டயலாக்ல பாதி இல்ல, நீ எழுதி முடி” என்றேன். படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவள் எந்தச் சத்தியமும் செய்யவில்லையாம். ஆனாலும், “சித்திக்கு எதாவது ஆயிட்டா என்ன மிஸ் பண்றது?” என்றாள். மறுநாள் நோட்டு நிரம்பி வந்தது. இடது விரல்கள் அசைகின்றன. கடை பூட்டியிருக்கிறது. தினமும் கேட்கிறார். நான் சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டு, இரண்டு பேரையும் பழையபடி ஜோடியாக்கினேன்.

கார்த்திகையில், பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்று தலைமை ஆசிரியை ஒரு நாள் குறித்தார். நீங்களே தலைப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா ஜோடிகளிடமும் சொன்னேன். அன்று வகுப்பில் பெஞ்சுகளை ஒதுக்கி, ஒரு பக்கம் ஆண்களும் ஒரு பக்கம் பெண்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்காரியின் அப்பா மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, ஓரமாக உட்கார்ந்தார், துணைக்கு மனைவியும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இடது கை மடியில் கிடந்தது. சுருட்டை முடிக்காரியின் அம்மா அவர்களைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கணவர் வேலைக்குப் போயிருந்தார்.

இவர்கள் எடுத்திருந்த தலைப்பு ‘நோயாளியைப் பார்க்கப் போவது’. கண்ணாடிக்காரி நர்ஸ். மற்றவள் கையில் டிபன் கேரியரோடு வந்தாள். “மே ஐ சீ த பேஷன்ட்?” என்றாள். “எஸ். ப்ளீஸ் கம் வித் மீ” என்று நர்ஸ் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கரும்பலகையைத் தாண்டி, பெற்றோர் வரிசைக்குள் போனாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்த நான், அவர்கள் அந்த மனிதருக்கு முன்னால் போய் நின்றதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

“ஹவ் ஆர் யூ?” என்று கேட்டாள்.

அவர் அவளையே பார்த்தார். பேச்சு குழறிற்று. “சாப்...டியாம்மா?” என்றார்.

“எஸ். ஐ ஏட்.”

“பஸ்ல... வரியா?”

“எஸ். பஸ்.”

அவர் வலது கையால் அவள் கன்னத்தைத் தொட்டார்.  அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, ஆனால் அதைச் சொல்ல அவளிடம் ஆங்கிலம் இல்லை. அந்த ஏழாம் வகுப்பு ஆங்கிலம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. தமிழில் பேசு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சத்தியத்தை வாங்கியது நான் இல்லையே, அதனால் சொல்லவில்லை.

ஜன்னல் பக்கமிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. “ஏன்டி, பெரியப்பா தமிழ்லதானே கேக்குறாங்க. தமிழ்ல சொல்லேன்.”

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். “சத்தியம், அம்மா” என்றாள், அவ்வளவுதான்.

அந்தப் பெண்மணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் போன போக்கை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே வந்து மகள் தலையில் கை வைத்தார். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடி. அம்மா நல்லாத்தான் இருப்பேன். நீ பேசு.”

அதற்கப்புறம்தான் அவள் உடைந்தாள். “நான் அன்னிக்குப் பேசுனதாலதான் விழுந்தீங்களா பெரியப்பா?”

 அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். வார்த்தையைத் தேடித் தேடி, “மாத்...திரை... போடல” என்றார். பக்கத்திலிருந்து அவர் மனைவி, “ஆமாண்டி கண்ணு, பிரஷர் மாத்திரைய மாசக் கணக்கா போடாம என்னை ஏமாத்திக்கிட்டு இருந்தாங்க. அதான்” என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். கோணிய வாயோடு அவரும் சிரித்தார். நான் வராண்டாவில் போய் நின்றுகொண்டேன். என் கறார் வேஷம் கலைந்துபோயிருந்தது.

அதனால் குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டுப் பெண்களும் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உறையூரிலிருந்து பஸ் ஏறிப் பெரியப்பாவைப் பார்க்கப் போகிறாள். இப்போது இருவரும் பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஓயாமல் தமிழில் பேசித் திட்டு வாங்குகிறார்கள்.

என் வெள்ளிக்கிழமை பீரியட் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எந்தப் பிள்ளையாவது புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைப் பேசினால் முன்போல் குறுக்கே பாய்வதில்லை. அது யாருக்காகச் சொல்லப்படுகிறதோ என்று வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன், இருபது வருடம் பேசக் கற்றுக்கொடுத்தவளுக்கு இது ஒன்றுதான் தெரியாமல் இருந்தது.