கம்பிக் கிட்டாரை என் தலையில் கட்டிய நாள்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். இராஜபாளையத்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டவை சுவரில் தொங்கிய இரண்டு கிட்டார்கள். ஒன்று சிறியது, மரநிறம், நைலான் நரம்பு கட்டியது. அதன் வட்ட ஓட்டைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு தீத்தழும்பு, ஊதுபத்தி பட்டிருக்கலாம். மற்றது பெரியது, கறுப்பு, எஃகுக் கம்பி. கடையில் மற்றபடி கைக்கடிகாரங்கள்தான் அதிகம்.

எனக்கு வேண்டியது சிறியது. அதை வாங்கத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன்.

எண்பதுகளின் பிற்பாதி அது. நான் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்கள் சபையில் கிட்டார் வாசித்தவருக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் யார் பழகிக்கொள்கிறாரோ அவருக்குப் பாடகர் குழுவில் அந்த இடம் என்று அறிவித்திருந்தார்கள். ஊரை விட்டுப் போகுமுன் அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தன் கிட்டாரை என்னிடம் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொன்னார். அதுவும் நைலான்தான். நரம்பை அழுத்தும் மூன்று விரல்பிடிகள் பிசிறில்லாமல் வந்தன. அந்த நாற்காலி எனக்குத்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்தது சிறிய கிட்டாருக்குச் சரியாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பெண் தனியாகப் போய்ச் சேலை வாங்கலாம். கிட்டார் வாங்கக் கூடாது. அப்பாவுக்கு மில்லில் பகல் ஷிப்ட் என்பதால் சித்தப்பா கூட வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசர் மெஸ்ஸில் யாரோ கிட்டார் வாசித்ததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். அந்த வாத்தியத்தில் அவருக்கு இருந்த அனுபவம் அவ்வளவுதான்.

கடைக்காரர் என் கையைப் பார்த்தார். "பாப்பா இப்பத்தான் பழகுதா? அப்பம் இந்தச் சின்னதுதான் சரி அண்ணாச்சி. விரலு நோகாது."

சித்தப்பா நைலான் நரம்பை இரண்டு விரல்களால் பிடித்து முறுக்கிப் பார்த்தார். நூல் மில்கள் நிறைந்த எங்கள் பக்கத்தில் எவரும் நூலை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இது நூலுல்லா?"

"நைலான் அண்ணாச்சி."

"என்ன எழவோ, நூலுதான? ராசபாளையத்துக்கு வந்து நூலுக்குத் துட்டு குடுத்தேன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்யா. எங்க அண்ணன் சட்டைய ஒதறுனா அம்புட்டு நூலு விழும்."

"நான் வாசிச்சுப் பாத்திருக்கேன் சித்தப்பா. எனக்கு இதுதான் வரும்."

"ஏட்டி, செத்த நேரம் சும்மா இரி. யோவ், அந்தக் கறுப்ப எறக்கும்."

கடைக்காரர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "கம்பின்னா கம்பிதான். அண்ணாச்சிக்குத் தெரியாததா?" என்றார். கறுப்புக் கிட்டாரை இறக்கியபோது அதன் வடிவத்திலேயே சுவரில் நீலப் பெயிண்ட் பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் சுவர் வெளுத்துப் போயிருந்தது. அது எத்தனை காலமாக விலைபோகாமல் தொங்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பொய் சொல்லும் கடைக்காரரை என்னால் மன்னிக்க முடியும். உண்மையை முதலில் சொல்லிவிட்டு, ஆள் பார்த்து அதை விழுங்கியவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சித்தப்பா கட்டிலைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல்முட்டியால் தட்டினார். "கணீர்னு இருக்கு. மீதிய நான் போடுதேன்," என்றார். பெரும்பகுதி என் பணம். ஆனால் அந்த வார்த்தையோடு கிட்டார் அவருடையதாகிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் அது அவர் மடியில்தான் இருந்தது.

வீட்டில் எடுத்துப் பார்த்தேன். கம்பிகளுக்கும் கழுத்துப் பலகைக்கும் நடுவே ஒரு பென்சில் தாராளமாக நுழைந்தது. புதிதாகப் பழகுகிறவர் கிட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். மரம், நிறம், பளபளப்பு எல்லாம் பிறகு. மடியில் வைத்தால் வலது கை தோளை இழுக்காமல் கம்பியை எட்டுகிறதா என்பது அடுத்தது. வாசிக்கப் போகிறவர் கையில் கொடுத்தால் இரண்டும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கடையில் இருந்த நேரம் முழுக்க, இரண்டு கிட்டார்களில் ஒன்றைக்கூட யாரும் என் கையில் கொடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் விரல்நுனிகள் வெடித்தன. கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டு டைப் அடித்தேன். மாற்றிவிடலாம் என்று கேட்டபோது சித்தப்பா, "கம்பியக் கொற சொல்லாத. ஒனக்கு விரலு வெண்ணெயா இருக்கு," என்றார்.

அம்மா அதற்கு மேல். "அவிய கைத்துட்டும் போட்டிருக்காவ. இப்பம் போயி மாத்துனா அவிய மொகத்துல எப்பிடி முழிக்க?"

நவம்பரில் பாடகர் குழுத் தலைவர் முன் வாசித்துக் காட்டினேன். பாதிக் கம்பிகள் ஊமையாக இருந்தன, பாதி கரகரத்தன. அவர் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற சித்தப்பா சொன்னார்: "பொம்பளப் பிள்ளைக்கு இது வராதுன்னு நான் அப்பமே நெனச்சேன்."

அப்போது அவர் அப்படி எதுவும் நினைக்கவில்லை. நூலைப் பற்றித்தான் நினைத்தார். பின்னாளில் பத்திரிகை வேலைக்குப் போனபோது முதலில் சொல்லிக்கொடுத்தது, யார் எதைச் சொன்னாலும் 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பதுதான். அந்தக் கடையில் அதைக் கேட்டிருந்தால் எனக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியில் வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண். என் கையைவிடச் சிறிய கை. ஒரு கம்பீரமும் காட்டாமல், ஒரு பிசிறும் இல்லாமல் வாசித்தாள்.

வெளியே வந்ததும் சித்தப்பா என்னிடம், "எம்புட்டு சுத்தமா வாசிக்கா பாத்தியாட்டி? அதுக்கெல்லாம் ஒரு இது வேணும்," என்றார்.

அந்தப் பெண் எங்களைக் கடந்து போனாள். அவள் கையிலிருந்தது சிறிய கிட்டார். வட்ட ஓட்டைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு தீத்தழும்பு இருந்தது.