ஸ்டானர்டின் வாயில் வராத சொல்

எல்பர்ட் ஸ்டானர்ட், பெல்டன் கல்லூரிக்காக நான்கு ஆண்டு அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. அத்தனை ஆட்டத்திலும் ஒருமுறைகூட அவர் வாயில் "போதும்" என்ற சொல் வந்ததில்லை.

அன்றைய விதி அப்படி. பந்தை வைத்திருப்பவன் எத்தனை பேருக்கு அடியில் கிடந்தாலும், அவனே "போதும்" என்று கத்தினால்தான் நடுவர் விசில் ஊதுவார். அதுவரை இழுக்கலாம், நசுக்கலாம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுந்து அதே சொல்லைச் சொன்னால் ஐந்து புள்ளி. மூன்று விலா எலும்பு முறிந்தபோதும் ஸ்டானர்ட் கத்தவில்லை. வீரம் என்றார்கள். வீரமா, வெறும் பழக்கமா என்று அவர் யோசித்ததில்லை.

பயிற்சியாளராகத் திரும்பி வந்தும் அதையே கற்பித்தார்: "மூச்சு இருக்கிற வரைக்கும் கத்தாதே."

1899, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விடுமுறை. அயோவாவின் உறைந்த மைதானம். எதிரே, ஏழு வருடமாகத் தோற்காத கோல்வின் கல்லூரி. இன்றும் வெல்லாவிட்டால் ஸ்டானர்ட் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் எழுதியே கொடுத்திருந்தது. மூன்று நிமிடம் பாக்கி. இரு பக்கமும் ஒரு புள்ளிகூட இல்லை.

பந்து பெல்டனின் ஹால்வரிடம் வந்தது. கல்குவாரியில் சம்மட்டி பிடித்துவிட்டு இருபத்து நாலு வயதில் கல்லூரிக்கு வந்தவன். அவன் கால்சட்டை இடுப்பில் தைத்திருந்த தோல் கைப்பிடிகளைப் பற்றிக் கூட்டாளிகள் அவனை முன்னால் வீசினார்கள். எட்டு கெஜம்! பத்து! கோட்டுக்கு ஒரு கெஜம் இருக்கையில் கோல்வின்காரர்கள் ஒன்பது பேர் அவன்மேல் விழுந்தார்கள்.

"மூட்டையைப் பின்னால இழுங்கடா!"

"விடாதே ஹால்வர்! நகரு!"

குவியலுக்கு வெளியே நீட்டியிருந்த ஹால்வரின் கை தரையை அறைந்தது. பிறகு மெல்லத் தட்டியது. பிறகு தட்டவில்லை.

மைதானத்தின் ஓரத்திலிருந்து பயிற்சியாளர் ஒரு வார்த்தை பேசினாலும் பத்து கெஜம் அபராதம். ஸ்டானர்ட் தொப்பி விளிம்பைக் கடித்தார். ஹால்வரின் விரல்கள் துவண்டு விரிந்தன.

"போதும்!" என்று கத்தினார்.

விசில். ஆட்கள் விலகினார்கள். நீலம் பாரித்த உதட்டோடு ஹால்வர் எழுந்து உட்கார்ந்து இருமினான்.

"எவன்டா எனக்காகக் கத்தினது?"

"நான்தான்."

"ஒரே ஒரு கெஜம், கோச்! உங்க விலா உடைஞ்சப்போ எவன் கத்தினான்?"

"எவனும் கத்தல. கத்தியிருக்கணும்."

"பத்து கெஜம் பின்னால!" என்றார் நடுவர்.

ஹால்வர் பின்னால் போய் நின்றான். பந்து கைக்கு வந்ததும் ஓடினான் என்று சொல்ல முடியாது, வெடித்தான். ஒருவன் காலைப் பிடித்தான், இன்னொருவன் கழுத்தை. கூட்டாளிகள் மூவர் கைப்பிடியைப் பற்றித் தூக்கி எறிந்தார்கள். ஏழு! ஒன்பது! மொத்தக் குவியலும் கோட்டின்மேல் சரிந்தது. ஸ்டானர்டின் வாய் நிறையத் தொப்பி.

அடியிலிருந்து ஒரு குரல், காளை கத்துவதுபோல்: "போதும்!"

நடுவர் ஆட்களைப் பிரித்துப் பார்த்தார். பந்து கோட்டுக்கு ஒரு சாண் அப்பால் கிடந்தது.

பெல்டன் ரசிகர்கள் ஆட்டிய மாட்டுமணிகள் அலறின, தொப்பிகள் பறந்தன. ஹால்வர் நொண்டிக்கொண்டே வந்தான்.

"இந்த வாட்டி நானே கத்திட்டேன். நீங்க வாயை மூடிட்டு இருந்தீங்களா?"

ஸ்டானர்ட் பதில் சொல்லுமுன் வாயிலிருந்த தொப்பித் துண்டைத் துப்ப வேண்டியிருந்தது.