சங்குக்கு முன் நிரம்ப வேண்டிய தூக்கு

இடைவேளை முடிந்து கம்பெனிச் சங்கு ஊதியதும் ஒரு பெண் ஓடினாள். கையிலிருந்த எவர்சில்வர் தூக்கு கேட்டில் இடித்து நசுங்கி, அத்தை கடையில் வாங்கிய டீ முழுக்க மண்ணில் கொட்டியது. அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. அன்று காலை வேலூரில் வகுப்பில் கேட்ட காத்திருப்பு வரிசைக் கோட்பாடு, கரும்பலகையிலிருந்து இறங்கி ஆம்பூரில் வியர்த்துக்கொண்டு நின்றது.

அத்தையின் டீக்கடை ஷூ கம்பெனிக்கு எதிரே. இடைவேளை விட்டதும் தையல் பிரிவுப் பெண்கள் மொத்தமாக வந்து விழுவார்கள். அத்தை முன்னால் ஒரு வரிசை, மாமா முன்னால் ஒரு வரிசை. அத்தை வரிசை ஓடும், மாமா வரிசை ஊரும். மறு சங்குக்குள் திரும்பாதவர்கள் ஜாஸ்தியாகிவிட்டார்கள். இன்னொரு நாள் இப்படி ஆனால் இடைவேளைக்குக் கேட்டே திறக்காது, உள்ளே டீ மெஷின் வைத்துவிடுவோம் என்று மேனேஜர் சொல்லியனுப்பியிருந்தார். கேட்டை நம்பித்தான் கடை.

“ஒரே வரிசை போதும் அத்தை. யார் கை காலியாவுதோ அவங்ககிட்ட அடுத்த ஆள் போவட்டும். கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“கணக்கு வந்து டீ ஆத்துமாடி?” என்றாலும், கயிறு கட்ட விட்டாள்.

மறுநாள் வரிசையின் தலையில் இரண்டு பெண்கள், இரண்டு பெரிய தூக்குகள். உள்ளே தையல் மெஷின் வரிசை ஒவ்வொன்றும் ஒரு லைன்; லைனுக்கு ஒருத்தி வந்து அதில் இருக்கும் எல்லோருக்கும் வாங்கிப்போவது இங்கே வழக்கம். என் கணக்கில் அவள் ஓர் ஆள். அவள் தூக்கிலோ ஒரு லைனே காத்திருந்தது. முன்பு தூக்கெல்லாம் மாமா பக்கம் ஒதுங்கிவிடும். யாரும் வகுக்காத அந்தப் பிரிவைத்தான் என் கயிறு அழித்திருந்தது. இப்போது இருவர் கையும் தூக்கில் மாட்டிக்கொள்ள, ஒற்றை கிளாஸுக்கு நின்றவர்கள் அசையவே இல்லை.

“இன்னாம்மா, காலேஜ் பொண்ணு டீய கண்ணுல காட்டியே அனுப்பிடும் போல” என்றாள் ஒருத்தி. சிரிப்பு அடங்குமுன் சங்கு ஊதியது.

“உன் கணக்குல தூக்குக்கு இன்னாடி பேரு?” அத்தை கோபமில்லாமல் கேட்டாள். அதற்குக் கோபமே தேவலை. மறுநாள் கேட் திறக்கவில்லை. மாமா பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் சம்சா விற்கப் போனார். எப்போதாவது நிற்கும் லாரிக்காரர்களுக்காக அத்தை அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தாள்.

இப்போது நான் கடைசி வருடம். மெஷின் டீ வாயில் வைக்க விளங்கவில்லை என்று பெண்கள் விடாமல் கேட்டு, நாளை ஒரு நாள் கேட் திறக்கிறது. எல்லோரும் நேரத்துக்குத் திரும்பினால் தொடரும். இல்லையென்றால் கடையைக் காலி செய்துவிடுவதென்று அத்தை முடிவெடுத்துவிட்டாள்.

இம்முறை வரிசையைத் தொடப்போவதில்லை. காலையில் கம்பெனிக்குள் நுழையும்போதே பெண்கள் காலித் தூக்கைக் கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். லைனுக்கு ஒரு நிறமாகத் தோல் துண்டு அதன் பிடியில் தொங்கும். இடைவேளைச் சங்குக்குச் சற்று முன், நாளைக்குச் சம்சாவை விட்டுவிட்டு வரும் மாமா ஊற்றி வைப்பார். வந்தவள் தன் நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு நடக்கலாம். கிளாஸ் மட்டும் அத்தையிடம்.

“நடுவுல ஆறிப்போச்சுன்னா?”

“பாக்கலாம் அத்தை.”

அன்று நசுங்கிய தூக்கை அந்தப் பெண் இன்று சாயங்காலமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சிவப்புத் துண்டு கட்டியாயிற்று. அத்தை அதை வாங்கி, வளைந்த விளிம்பில் மூடியை வைத்து அழுத்திப் பார்க்கிறாள்.

“மொதல்ல இத ரொப்பலாம். மூடி மட்டும் இறுக்கமா போடு. எப்படியும் ஓடத்தான் போறா.”