சங்குக் காப்புக்காரி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைக்கிற ஆள் நான். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் கோபிக்கமாட்டேன், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த வருடம் என் கணவருக்குப் பாரிஸில் ஒரு கண்காட்சியில் காவல் வேலை கிடைத்தது. யப்பானில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் ஆட்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பையும் அதன் இடுகாட்டையும் தோண்டி, கிடைத்ததையெல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். ஒரு தாழிக்குள் ஒரு பெண்ணின் எலும்புகள், கையில் வரிசையாகச் சங்குக் காப்புகள். பிறகென்ன, நகரத்துக்கு வெளியே பொண்டியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தால் இவருக்கு அவளுடைய கதைதான்.

"சின்னப் பிள்ளையில போட்டது. பிறகு கை வளர்ந்திட்டுது, சாகுமட்டும் கழட்டேலாது. நினைச்சுப் பாருமன்!"

நான் புதுச்சேலை கட்டினால் இவர் கண்ணில் படாது. எலும்புக்கூட்டில் என்ன பொறாமை என்று சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். பட்டப்பகல், நல்ல சனம். இவர் அவளுடைய பெட்டியடியில்தான் நின்றார், நான் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. வந்த ஆத்திரத்தில் குனிந்து அவளிடம் சொன்னேன்:

"ஏலுமெண்டாக் கழட்டிக் காட்டடி, பாப்பம்."

திரும்பும் வழியில், என் கல்யாணக் காப்புக்கு மெருகு போடுவோமென்று எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா சப்பலில் ஒரு நகைக்கடைக்குள் போனேன். காலையில் புட்டுக்கு மா குழைக்கக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்ட காப்பு, இப்போது வரவே இல்லை. கடைக்காரர் சவர்க்காரம் பூசிப் பார்த்தார், எண்ணெய் பூசிப் பார்த்தார், கடைசியில் அளவு பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அக்கா, இது எட்டு வயசுப் பிள்ளையின்ர அளவெல்லோ? உங்கட கைக்கு எப்பிடிப் போனது? வெட்டுவமோ?"

கல்யாணக் காப்பை வெட்டுவதா? வேண்டாமென்று வந்துவிட்டேன்.

இவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், நம்பினால் நம்புங்கள், அன்றோடு அவளுடைய கதை நின்றுபோனது. கண்காட்சி முடிந்தும் எத்தனையோ வருடமாகிவிட்டது, காப்பு இன்னும் கழலவில்லை. தினமும் சாப்பிட்டு முடிய இவர் பக்கத்தில் வந்திருந்து, என் கையை எடுத்து மடியில் வைத்துக் காப்பை மெல்லத் தடவுகிறார். இதற்காக நான் எவ்வளவு காலம் ஏங்கியிருப்பேன். ஆனால் அந்த நேரம் என் சொந்தக் கையின்மேலேயே எனக்குப் பொறாமை வருகிறது. ஒருநாள்கூட இவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததில்லை.