பிரியாணி அடுப்புச் சாம்பல்

சாம்பல் வேண்டும் என்று ஒரு பெண் கடைக்கு வந்து கேட்டால் என்ன நினைப்பீர்கள்? வேவு பார்க்க வந்தவள் என்றுதான் நான் நினைத்தேன்.

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். என் ருசியில் பாதி விறகில் இருக்கிறது. அது என்ன விறகு என்று என் மச்சானுக்குக்கூடச் சொன்னதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பாள் என் மனைவி. எதிர்க்கடைக்காரர் என் குப்பைத் தொட்டியைக் கிளறியதை அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

வந்தவள் கன்னிவாடிப் பெண். வீட்டுக்குப் பின்னால் சூளை கட்டி, ஜப்பான் முறையில் கிண்ணம், தட்டு செய்கிறாளாம். சாம்பலைக் கரைத்துப் பூசிச் சுட்டால் கண்ணாடியாக உருகிப் படியுமாம்.

"யாருகிட்டம்மா கதை விடுற?" என்றேன். இருந்தாலும் ஒரு டப்பா கொடுத்தேன்.

அடுத்த மாதம் பாசிப்பச்சையில் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். விளிம்பு சற்றுக் கோணல். தால்ச்சா ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை. அந்தப் பச்சையை வைத்தே விறகைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று புதுச் சந்தேகம் வந்தது.

"கொடைக்கானல் ஹோட்டல்ல அறுபது கிண்ணம் கேட்டிருக்காங்க பாய். அதே சாம்பல் ஒரு மூட்டை வேணும். இது சரியா வரலேன்னா சூளைய இடிச்சிருவேங்கிறாரு எங்கப்பா."

கொடுத்தேன். கொடுக்கும்முன் வீட்டு வெந்நீர் அடுப்பில் எரித்த தேங்காய் மட்டைச் சாம்பலைப் பாதிக்குப் பாதி கலந்தேன். இனி எவன் வேண்டுமானாலும் ஆராயட்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து வந்தாள். கையில், சூளைக்குள் கிண்ணங்களை அடுக்கும் தட்டின் உடைந்த துண்டு. பூச்சு வழிந்து அதில் மூன்று கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அறுபதும் இப்படித்தானாம்.

"அதே அடுப்புச் சாம்பல்தான். அப்ப தப்பு என் கையிலதான் பாய்," என்றாள்.

வெட்கமாக இருந்தது. அவள் போன பிறகும் அண்டா பக்கம் நிற்க முடியவில்லை. மறுநாள் காலை கன்னிவாடிக்கே போய், அவள் அப்பாவிடம் மட்டைச் சாம்பல் கலந்ததைச் சொன்னேன். என் புளிய விறகு ரகசியத்தையும் சொன்னேன்.

"புளிய வெறகுன்னு ஊருக்கே தெரியுமே பாய். உங்க வெறகு லாரி இந்த வழியாத்தான வருது?" என்றார். அவர் கையில் கடப்பாரை இருந்தது. சூளை பாதி இடிந்திருந்தது.

மறுபடி கட்டினால் எத்தனை மூட்டை வேண்டுமானாலும் சலித்துத் தருகிறேன் என்றேன். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேணாம் பாய். நானே வந்து, அடுப்புலருந்து அள்ளிக்கிறேன்."