மூட்டையோடு திரும்பக் கூடாது

சும்மா சொல்லக் கூடாது, பழைய கூட்ஸ் ஷெட்டை அடையாளமே தெரியாமல் மாற்றிவிட்டார்கள். சிமெண்டும் கோதுமையும் இறங்கிய இடத்தில் கண்ணாடிக் கடைகள். வேகன் நின்ற இடத்தில் பஸ் ஸ்டாண்டு. மேம்பாலமும் வந்துவிட்டதால் அன்னூருக்கு இங்கிருந்தே நேர் பஸ். அந்த ஒரு பஸ்ஸுக்காகத்தான் கருப்புசாமி கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கும் வேலையை உதறிவிட்டு இங்கே வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

அன்னூரில்தான் முஸ்தபா இருக்கிறார், மகள் சஃபியா வீட்டில். ஷெட்டில் இருபத்தாறு வருஷம் இருவரும் ஜோடி. முஸ்தபா மூட்டையை இவர் முதுகில் ஏற்றிவிட்டு விலாவில் இரண்டு தட்டுத் தட்டுவார். கிளம்பு என்று அர்த்தம். அப்புறம் இறக்கும்வரை சுமப்பவர் திரும்பக் கூடாது. திரும்பினால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, கருப்புசாமி கெட்டதும் அப்படித்தான். ஷெட்டை மூடிய அன்று எல்லோரும் ஊருக்கு வெளியே புது யார்டுக்குக் கிளம்ப, முட்டி வலியோடு வரமுடியாது என்றார் முஸ்தபா. பிரிய மனசில்லாத ஆத்திரத்தில், "முட்டிக்காரன் இருந்தா என்ன, போனா என்ன!" என்று கத்திவிட்டார் இவர். முஸ்தபா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். ஐந்து வருஷம் ஆகிறது.

போய்ப் பார்க்கலாமே என்றால், எந்த மூஞ்சியோடு போவது? அன்னூர் பஸ் வந்தால் இறங்குகிற முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏக்கத்தில் மனுஷனுக்குச் சோறு இறங்குவதில்லை.

நேற்று மதியம் அந்த பஸ்ஸிலிருந்து முதல் ஆளாக ஒரு பெண் அரிசி மூட்டையோடு தடுமாறி இறங்கினார்.

"இருங்க அம்மணி, நான் கொண்டாரேன்" என்று கருப்புசாமி குனிந்து முதுகைக் கொடுத்தார். பின்னால் இறங்கிய யாரோ மூட்டையை ஏற்றிவிட்டார்கள். விலாவில் இரண்டு தட்டு.

கால்கள் தாமாகக் கிளம்பிவிட்டன. கடைசியிலிருந்த ஆட்டோ ஸ்டாண்டுவரை நடந்து, மூட்டையை இறக்கிய பிறகுதான் அந்த இரண்டு தட்டு உறைத்தது. திரும்பினார். அன்னூர் பஸ் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, மூட்டைய ஏத்திவிட்டது யாருங்க?" என்று பின்னால் வந்து சேர்ந்த பெண்ணிடம் கேட்டார்.

"ஒரு பாய்ங்க. திரும்ப அதே பஸ்ஸுல ஏறிட்டாருங்க. இருங்கன்னு சொன்னேன். 'அவன் மூஞ்சியப் பாத்தா அழுதுபோடுவேன், முட்டிக்காரன் வந்துட்டுப் போனான்னு மட்டும் சொல்லுங்க'ன்னாருங்க."

கருப்புசாமி விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். அடுத்த அன்னூர் பஸ்ஸை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கத்தியது காதில் விழுந்தது.

அவர் திரும்பவில்லை.